உதை படாமல் விழுவது எப்படி

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து என் மகள் கைப்பேசியில் ஒரு துண்டுப் படம் அனுப்பியிருந்தாள். "அப்பா, இது பாடாங் மேஹா பக்கத்துல இருந்த புகைக்கூடம்தானே?" என்று கீழே எழுதியிருந்தாள். அவள் பார்த்தது கட்டடத்தை. உலகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது வேறொன்றை.

அரை நிமிடம்கூட ஓடாத காட்சி. இந்தி நடிகர் ஒருவர் உத்தரத்திலிருந்து தொங்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுழன்று வருகிறார். கால் நீட்டியிருக்கிறது. வெள்ளி நிற உடுப்பில் வரிசையாக நிற்கும் அடியாட்கள், கால் நெருங்க நெருங்க ஒருவர் பின் ஒருவராகச் சரிகிறார்கள். கடைசியில் நிற்பவன் மட்டும் சரியவில்லை. கால் அவன் முகத்தைக் கடந்து போகிறது. நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல அவன் அதைத் தலை திருப்பிப் பார்க்கிறான். பிறகு பழையபடி நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் காட்சி.

அதற்கு அடியில் எத்தனையோ மொழிகளில் கேலி. இவனுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று ஒருவர். இவனைக் கதாநாயகனாகப் போட்டிருந்தால் படம் ஓடியிருக்கும் என்று இன்னொருவர். இரண்டாமவர் விவரம் தெரிந்தவர்.

நிற்கும் அந்த ஆளை எனக்குத் தெரியும். அவன் மண்டையிலும் முதுகிலும் முழங்கையிலும் தையல் போட்டவன் நான். கூலிம் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எஸ்டேட் ஆட்களுக்கு நாங்கள் எல்லாரும் டிரெசர்தான். பதவி உயர்வு வந்தாலும் டிரெசர், ஓய்வு பெற்றாலும் டிரெசர்.

ஒரு துண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது என் தொழிலில் பழக்கமில்லை. காயத்தை விட்டுவிட்டு ஆளை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே படத்தை முழுதாகத் தேடிப் பிடித்து மறுபடி பார்த்தேன். மனைவி பாதியில் எழுந்துபோய்த் துணி மடித்தாள்.

கதை இதுதான். தங்கக் கையுறை போட்ட ஒரு வில்லன், டில்லியைத் தகர்க்க ஒரு ராக்கெட்டை ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். புகைபோக்கி வழியாக அது கிளம்பிப் போகுமாம். இந்திய உளவாளி பால்மரம் வெட்டும் தொழிலாளி வேடத்தில் எஸ்டேட்டுக்குள் நுழைகிறான். விடிகாலையில் செய்ய வேண்டிய பால்வெட்டை மத்தியான வெயிலில் செய்கிறான். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடியும் ரப்பர் பாலை எடுத்துக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொள்கிறான். படம் வெளியானபோது கூலிம் தியேட்டரில் இந்த இடத்தில்தான் முதல் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் காலையில் அதே மரங்களை வெட்டிவிட்டு வந்தவர்கள்.

பிறகு அவன் தோளில் குண்டு பாய்கிறது. பால்வெட்டும் கத்தியாலேயே குண்டைத் தோண்டி எடுக்கிறான். கதாநாயகி ரப்பர் பாலை ஊற்றிக் காயத்தை அடைக்கிறாள். அடுத்த காட்சியில் அதே கையால் சங்கிலியைப் பிடித்துச் சுழல்கிறான். இந்தச் சிகிச்சை முறையைப் பற்றி நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: படத்தில் எத்தனையோ பேர் வெட்டுப்படுகிறார்கள், சுடப்படுகிறார்கள், ஒருவர்கூட அலறவில்லை, மூத்திரம் போகவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை. நிஜத்தில் எல்லாரும் இந்த மூன்றையும் செய்கிறார்கள். பாராங் கத்தியோடு பெரிய வீரம் பேசியவர்களும் செய்தார்கள். என் கண் முன்னால் செய்தார்கள்.

படம் ஓடவில்லை. இந்தியாவில் ஓடவில்லை, இங்கும் ஓடவில்லை. எடுத்தவர்களே மறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மட்டும் அது நிஜ ரத்தத்தில் பல வருடம் ஓடியது.

படப்பிடிப்புக்கு அனுமதி கொடுத்தபோது முதலுதவி ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். படக்காரர்கள் ஆஸ்பத்திரியைக் கேட்டார்கள், ஆஸ்பத்திரி என் ஓய்வு நாளைப் பிடுங்கி என்னை அனுப்பியது. புகைக்கூட வாசலில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அடியாள் வேடத்துக்கு உள்ளூரிலேயே ஆள் பிடித்திருந்தார்கள். வாட்டசாட்டமாக இருக்க வேண்டும், பிரியாணிப் பொட்டலத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். தகுதி அவ்வளவுதான்.

சண்டை சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு மாஸ்டர் வந்திருந்தார். இந்திப் படத்துக்குத் தமிழ் மாஸ்டர் என்பதில் எங்கள் ஆட்களுக்குப் பெருமை. அவர் கோணிச் சாக்குகளைப் பரப்பி விழக் கற்றுக்கொடுத்தார். முதலில் முட்டி மடங்க வேண்டும், பிறகு இடுப்பு, பிறகு தோள். தலை கடைசியில். கை ஊன்றக் கூடாது. அது ஒரு செய்முறை. செய்முறை எதுவாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும், நானே வீட்டில் ஒருமுறை மெத்தையில் விழுந்து பார்த்தேன்.

எல்லாரிலும் நன்றாக விழுந்தவர் லூனாஸிலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டுநர். அவர் விழுந்தால் நிஜமாகவே செத்ததுபோல் இருக்கும். "இவன்தான்டா நடிகன்" என்று மாஸ்டர் அவர் முதுகில் தட்டினார். லூனாஸ்காரர் அதை அன்று முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையில் முதல் ஆளாக அவரைத்தான் நிறுத்தினார்கள்.

நம் ஆள் கடைசி. பாடாங் மேஹா பக்கத்து எஸ்டேட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். எருமைக் கழுத்து. எதிரே நிற்பவர் மூக்கையே பார்த்துப் பேசுவான், அடுத்து எங்கே அடிக்கலாம் என்று யோசிப்பதுபோல. நடிகரின் கால் யார்மேலும் படாது, ஒரு முழம் தள்ளித்தான் போகும். சங்கிலி சுற்றியது. எல்லாரும் விழுந்தார்கள். அவன் நின்றான்.

"டேய், ஏன்டா விழல?" என்றார் மாஸ்டர்.

"எம்மேல படல மாஸ்டர்."

"படாதுடா. பட்ட மாதிரி விழணும். இது சினிமாடா."

"படாம எப்படி மாஸ்டர் விழறது? பாக்கறவன் சிரிப்பான்லா."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி நின்றான். நடிகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இந்தியில் ஏதோ திட்டினார். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பட்டா விழுவேல்ல?" என்று கேட்டுவிட்டு, ஓடிவந்து அவன் நெஞ்சில் நிஜமாகவே உதைத்தார். சத்தம் வாசல்வரை கேட்டது. அவன் அரை அடி பின்னால் நகர்ந்து மறுபடி நின்றுகொண்டான். மாஸ்டர்தான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் எலும்பில் விரிசல். படப்பிடிப்பு முழுவதிலும் என் மருந்துப் பெட்டிக்குக் கிடைத்த ஒரே நோயாளி அவர்தான்.

நடிகருக்கு அன்று மாலை பினாங்கில் விமானம். "போதும், ஓரத்துலதானே நிக்கிறான், யாரு பாக்கப் போறா" என்று மாஸ்டர் நொண்டிக்கொண்டே சொல்லிவிட்டார். யார் பார்க்கப் போகிறார்கள் என்பது இப்போது உலகத்துக்கே தெரியும்.

அதற்கு வெகு முன்பே கூலிம் தியேட்டர் பார்த்துவிட்டது. தங்கள் ஆட்களைத் திரையில் பார்க்க எஸ்டேட்டுகள் திரண்டு வந்திருந்தன. லூனாஸ்காரர் மனைவி, மச்சான், பக்கத்து வீடு என்று ஒரு கூட்டத்தையே அழைத்து வந்திருந்தார். காட்சி வந்தது. பெரிய திரையில் அந்த ஒரு முழ இடைவெளி ஒரு வாசல் அகலத்துக்குத் தெரிந்தது. காலுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சைக்கிளே போகலாம். அவர் அழகாக, முட்டி, இடுப்பு, தோள், தலை என்று விழுந்தார். கடைசியில் நம் ஆள் நின்றான். தியேட்டர் விசிலில் அதிர்ந்தது.

வெளியே கச்சான் கடலை வறுக்கும் வண்டிக்குப் பக்கத்தில் நம் ஆள் நின்றுகொண்டிருந்தான். லூனாஸ்காரர் குடும்பத்தோடு வெளியே வந்தார்.

"என்னாண்ணே, காத்து அடிச்சதுக்கே விழுந்துட்டீங்க? மழை பேஞ்சா என்ன பண்ணுவீங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். லூனாஸ்காரரின் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் வினையாயிற்று. லூனாஸ்காரர் வண்டியில் இருந்த சோடா பாட்டிலை எடுத்து அவன் மண்டையில் உடைத்தார். கையில் மிச்சமிருந்த பாட்டில் கழுத்தால் நெற்றியிலிருந்து காதுவரை இழுத்தார்.

அவன் விழவில்லை. ரத்தம் கண்ணை மூடிய நிலையில் லூனாஸ்காரரின் கழுத்தைப் பிடித்துக் கச்சான் சட்டியில் முகத்தை அழுத்தினான். சூடான மணல். பிரித்தெடுக்கப் பலர் வேண்டியிருந்தது.

படத்தில் விழுந்ததைத் தோற்றதாக எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் கொல்லப் புறப்பட்டவர்கள் உலகத்தில் வேறு எங்கும் இருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

இங்கே அவசரப் பிரிவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்டுக்காயத்தோடு வருகிறவரிடம் எப்படி ஆயிற்று என்று நாங்கள் கேட்டே ஆக வேண்டும். அடிதடி என்று சொன்னால் போலீஸ் வரும். அதனால் வருகிற எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: மோட்டார்ல விழுந்துட்டேன். மோட்டார் என்றால் எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள். முதுகில் பாராங் ஏறியவனும் மோட்டாரில்தான் விழுந்தான், விரல் துண்டானவனும் மோட்டாரில்தான் விழுந்தான். மோட்டாரே இல்லாதவர்களும் விழுந்தார்கள். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் உண்மை தெரியும். நோயாளி சொல்வதைச் சொன்னபடி எழுதுவது என் வேலை, காயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது டாக்டர் வேலை, சந்தேகப்படுவது போலீஸ் வேலை. அவரவர் வேலையை அவரவர் செய்தால் நாடு நடக்கும்.

லூனாஸ்காரர் முதலில் வந்தார். முகத்தில் கொப்புளங்கள். "மோட்டார்ல விழுந்துட்டேன் சார்." எழுதிக்கொண்டேன்.

அடுத்து நம் ஆள்.

"எப்படி ஆச்சு?"

"பாட்டிலால அடிச்சாங்க."

எனக்குப் பேனா நின்றுவிட்டது. "மோட்டார்ல விழலையா?" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"நான் எங்கண்ணே விழுந்தேன்? நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அடிச்சது யாரு?"

"அது சொல்ல மாட்டேன். ஆனா விழல. அதை எழுதிக்குங்க."

அப்படித்தான் எழுதினேன். ஆஸ்பத்திரி போலீஸ் சாவடியில் ஒரு மலாய்க்காரக் கான்ஸ்டபிள் இருந்தார். எஸ்டேட் ஓரத்தில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அவர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "விழுந்தேன்னு சொல்லித் தொலையேன்டா, நான் டீ குடிக்கப் போகணும்." அவன் சொல்லவில்லை. கட்டிலில் படுக்கச் சொன்னேன். படுக்கவும் இல்லை. நின்றபடியே தையல் போட்டுக்கொண்டான். எனக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது.

"படுத்தா என்னடா?"

"படுத்தா அவன் ஜெயிச்ச மாதிரிண்ணே."

அடுத்தடுத்த வருடங்களில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒருமுறை லூனாஸ் சந்தையில் அவன் மோட்டார் சங்கிலியால் லூனாஸ்காரரின் காறை எலும்பை உடைத்தான். அவர் வழக்கம்போல மோட்டாரில் விழுந்ததாகச் சொன்னார். வெளியே வராந்தாவில் நின்றிருந்த அவன் சத்தமாகச் சிரித்தான். "இங்கேயும் விழுந்துட்டானா!" கட்டிலில் கிடந்தவர் எலும்பு துருத்திக்கொண்டிருந்த நிலையிலும் எழுந்து பாயப் பார்த்தார். இன்னொருமுறை கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவன் முழங்கையில் பாராங் விழுந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நடந்தே வந்து, எனக்கு முன்னால் நின்று, "வெட்டினாங்க. விழல" என்றான். அதற்குள் அவனைச் சுற்றி எஸ்டேட் பையன்கள் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. விழாத ஆளின் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அவன் ஏவாமலே அடித்தார்கள். அவன் தடுக்கவும் இல்லை.

அவனை நல்லவன் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவன் கையால் உடைந்த பல்லுக்கும் தாடைக்கும் நான்தான் கம்பி கட்டினேன். சாப்பிடுகிற வயதில் குழாயில் கஞ்சி குடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போது, இன்று ஒரு ஆளாவது உண்மையைச் சொல்லப் போகிறான் என்று எனக்கு ஓர் ஆசுவாசம் வரும். அவசரப் பிரிவில் அது அபூர்வம்.

அவன் மனைவி தையல் பிரிக்க அவனை இழுத்துக்கொண்டு வருவாள். வாயாடி. "வீட்டுலயும் இப்படித்தான்ணே. நின்னுக்கிட்டேதான் சாப்பாடு. சட்டி பானையெல்லாம் பயந்துபோய்க் கிடக்கு." ஒருநாள் அவர்களுடைய ஒரே மகளைக் கூட்டி வந்தாள். சைக்கிள் பழகிக் கை பிசகியிருந்தது. எப்படி ஆச்சு பாப்பா என்று கேட்டேன். அது அப்பாவைப் பார்த்தது. பிறகு சொன்னது: "சைக்கிள் விழுந்துருச்சு."

"நீ?"

"நான் விழல. சைக்கிள்தான் விழுந்துச்சு."

அவன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மனைவி இரண்டு பேர் தலையிலும் ஒவ்வொரு குட்டு வைத்தாள்.

இப்போது அவன் இல்லை. சர்க்கரையும் இதயமும் சேர்ந்து வேலையை முடித்தன. பெட்டியில் கிடத்தியபோது, அவன் படுத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது தவறு. அதற்கு முன் ஒரு தடவை நான் பார்த்திருக்கிறேன்.

மகள் வளர்ந்து கூலிம் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போனாள். ரப்பர் அழிந்து, எண்ணெய்ப் பழக் குலை தள்ளும் செம்பனை வந்துவிட்ட காலம். அவன் குலை ஏற்றும் லாரியில் போய்க்கொண்டிருந்தான். கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு ஒரு பையனோடு பழக்கம். நல்ல பையன். லூனாஸ்காரரின் மகன்.

அவள் பயப்படாமல் அப்பாவிடமே சொன்னாளாம். அவன் சுவரைக் குத்தினான், சுவரில் ஓட்டை விழுந்தது. அந்தக் கையோடு என்னிடம் வந்தான். "சுவத்தைக் குத்தினேன். விழல" என்று அவனே ஆரம்பித்துவிட்டு, பிறகு தணிந்த குரலில் சொன்னான்.

"கட்டுனா அவனைத்தான் கட்டுவாளாம் அண்ணே. இல்லேன்னா கல்யாணமே வேணாமாம். அவங்க வீட்டுல ஒத்துக்கிட்டாங்களாம். பரிசம் போட வராங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒரே ஒரு கண்டிசன் போடுதுண்ணே அந்தப் புள்ள. அந்தப் படத்தைப் பத்தி நான் வாயைத் தொறக்கக் கூடாதாம். ஒரு வார்த்தை பேசினாலும் எல்லாம் கெட்டுப் போயிரும்னு அழுவுது." பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்தான். "நீங்க தையல் போடுற ஆளுதானே, வாயையும் தெச்சு விடுங்களேன்."

அவன் வாயைத் திறக்கவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்லத் தயார். பரிசத்தன்று நடந்ததை அவன் மனைவி பிறகு என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பரிசம் எஸ்டேட் கோயில் மண்டபத்தில், காலையில். லூனாஸ் சனம் வேன்களில் வந்து இறங்கியது. அவன் வாசலில் நின்று லூனாஸ்காரருக்குக் கை கூப்பினான். அவரும் கூப்பினார். தட்டு மாற்றியாயிற்று. பந்தி போடுவதற்கு முன் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக மண்டபத்து ஓரத்தில் ஒரு டிவி வைத்திருந்தார்கள். அவனுடைய ஆட்களில் ஒருவன், காலையிலேயே சம்சு சாராயம் ஏறியவன், இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு வீசிடி தட்டைப் போட்டான். அதே படம். ஓட்டி ஓட்டி அதே காட்சிக்குக் கொண்டுவந்தான்.

"எல்லாரும் பாருங்க, சம்மந்தி விழுற சீனு!"

மண்டபம் திரும்பியது. திரையில் லூனாஸ்காரர் விழுந்தார். ஒருவன் சிரித்தான், பிறகு பலர். மகள் மணைப் பலகையிலிருந்து எழுந்துவிட்டாள். "அப்பா!" என்றாள். அவ்வளவுதான்.

அவன் டிவியை அணைக்கப் போனான். வேகமாகப் போய், டிவிக்குப் பக்கத்தில் நின்று, பின்னால் கைவிட்டு ஒயரைத் தேடினான். திரையில் அந்த நேரம் அவன் நின்றுகொண்டிருந்தான். திரைக்கு வெளியேயும் அவன் நின்றுகொண்டிருந்தான். லூனாஸ்காரர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யாரும் யோசிக்கலாம். கூட்டத்தின் முன்னால், சரியான நேரத்தில், பக்கத்தில் போய் நின்று காட்டுகிறான்.

இளநீர் சீவ வைத்திருந்த பாராங்கை அவர் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. வெட்டு வலது தோளில் இறங்கி முதுகுவரை வந்தது. பட்டுச்சட்டை பிளந்து, தோல் பிளந்து, சதை திறந்துகொண்டது. டிவிமேல் ரத்தம் தெறித்தது. பெண்கள் அலறினார்கள். அவனுடைய ஆட்கள் மோட்டார் பெட்டிகளிலிருந்து ஆயுதங்களை உருவினார்கள். லூனாஸ் பக்கத்தில் ஒருவன் நாற்காலியை உடைத்துக் காலைக் கையில் எடுத்தான். மாப்பிள்ளைப் பையனின் தலையில் யாரோ இரும்புக் கம்பியை இறக்கினார்கள், நல்லவேளை அது தலைப்பாகையில் வழுக்கிற்று.

அவன் விழவில்லை. திரும்பினான். லூனாஸ்காரர் கையிலிருந்த பாராங்கை மணிக்கட்டோடு முறுக்கிக் கீழே போட்டான். அவர் சட்டைக் காலரை இடது கையால் கொத்தாகப் பிடித்தான்.

"எவனும் கிட்ட வராதீங்க. இவன் எனக்கு."

ஆட்கள் ஒதுங்கினார்கள். அண்ணன் தன் கையாலேயே முடிக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். அவன் அவரை வாசல்வரை இழுத்துப்போய் ஒரு காரின் ஓட்டுநர் இருக்கையில் தள்ளி, காலரை விடாமல் பக்கத்தில் ஏறிக்கொண்டான். "ஓட்டு" என்றான். "ஆஸ்பத்திரிக்கு."

அன்று பணியில் இருந்தது நான்தான். டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். கதவு திறந்தது. அவன் ஒரு கையில் லூனாஸ்காரரைப் பிடித்திருந்தான், பிடியை இன்னும் விடவில்லை. தரையில் ரத்தம் கோடாக வந்தது. பின்னாலேயே மகள், பரிசப் புடவையில் முந்தானை நனைந்து, தலையில் பூவோடு. அதன் பின்னால் மோட்டார்கள் வந்து நிற்கும் சத்தம். அவனுடைய ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களின் சட்டைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், கான்ஸ்டபிளுக்கும் தெரியும். அவன் வாயிலிருந்து வரப்போகும் வழக்கமான வார்த்தைக்காகத்தான் எல்லாரும் நின்றார்கள். "வெட்டினாங்க" என்று அவன் சொன்னால் லூனாஸ்காரர் சிறைக்குப் போவார், போவதற்கு முன் லூனாஸில் சில வீடுகள் எரியும், அந்தப் பெண் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிடுவாள். அவளும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்க வேண்டியது என் வேலை. கேட்டேன்.

"எப்படி ஆச்சு?"

வாயைத் திறந்தான். மூடினான். நெற்றியில் பழைய தழும்பின்மேல் வியர்வை பூத்தது. எலும்பு தெரிய நடந்து வந்தபோதுகூட அந்த முகத்தில் அப்படியொரு வேதனையை நான் கண்டதில்லை.

"மோட்டார்ல" என்றான். நின்றான். "மோட்டார்ல போறப்ப விழுந்துட்டேன்."

வாசலில் ஒருவன், "அண்ணே! என்னண்ணே பேசறீங்க?" என்று கத்தினான்.

"காது கேக்கலையாடா? விழுந்துட்டேன். போங்க. போயி மண்டபத்துல சாப்பிடுங்க, சோறு ஆறுது."

கான்ஸ்டபிள் முன்னால் வந்தார். அவருக்குக் குழப்பம். "ஜாத்தோ?" என்றார் மலாயில், பிறகு தமிழில், "நீயா? விழுந்தியா? இத்தனை வருசமா உன்னைக் கெஞ்சினேனேடா. சரி, யாரு மோட்டாரு?"

அவனிடம் மோட்டார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. விழுந்துவிடுவோம் என்று பழகவே இல்லை. பொய்யில் பழக்கம் இல்லாதவன் அடுத்த பொய்க்குத் தடுமாறினான். கான்ஸ்டபிளின் பார்வை மெதுவாக நகர்ந்து, காலர் கசங்கி நின்ற ஆளிடம் போனது.

"என்னோட மோட்டார்" என்றார் லூனாஸ்காரர்.

"யாரு ஓட்டினது?"

"நான்தான். இவரு பின்னால உக்காந்திருந்தாரு."

"இவன் முதுகு பொளந்து கிடக்கு. உன் சட்டை மடிப்புக்கூட கலையல. அப்ப நீ விழலையா?"

லூனாஸ்காரர் வாசலைப் பார்த்தார். அங்கே நின்ற எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். அவர் பெற்ற பிள்ளையும் தலைப்பாகை சரிந்து அந்தக் கூட்டத்துக்குள் வந்து நின்றிருந்தான்.

"விழுந்தேன் சார்" என்றார். "நான்தான் முதல்ல விழுந்தேன். அப்புறம்தான் இவரு."

யாரும் சிரிக்கவில்லை. நம் ஆள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். பிறகு அவர் காலரை விட்டான். விரல்கள் மடங்கியபடியே இருந்தன, நான்தான் நீவி விரித்தேன்.

கான்ஸ்டபிள் டீ குடிக்கப் போனார். நான் ஊசியும் நூலும் எடுத்தேன். வழக்கப்படி ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"ஸ்டூல் வேணாம்ணே" என்றான். "படுத்துக்கிறேன்."

"நின்னாலும் போடலாம். இத்தனை நாளா போடலையா?"

"இல்லண்ணே. கால் வலிக்குது."

குப்புறப் படுத்தான். கட்டில் அவனுக்குச் சின்னது, பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரத்தம் ஊறிய செருப்பு இன்னும் காலில் இருந்தது. லூனாஸ்காரர் குனிந்து அதைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, சுவரோரமாக வைத்தார்.